வலக்கை அச்சு

1997ஆம் ஆண்டு நல்லரத்தினம் மட்டக்களப்பில் செயற்கைக் கை, கால் செய்யும் பட்டறையொன்றில் வேலை பார்த்தான். அன்று காலை ஒரு வலக்கைக்கு அச்சுச் செய்தான். மரத்தில் செதுக்கிய கையைப் பெட்டிக்குள் வைத்துப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, மேலே சிலிக்கன் ஊற்றினான். அது இறுகியதும் பெட்டியைக் கவிழ்த்துக் களிமண்ணை எடுத்தான். ஒட்டாமலிருக்க வசலின் பூசி மறுபாதியையும் ஊற்றினான். பிறகு அச்சைப் பிரித்து மரக்கையை எடுத்துவிட்டு, இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டி உள்ளே ரெசின் வார்த்தான்.

வெளியே வந்த கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருந்தது. மரக்கையில் தழும்பு இல்லை. அச்சைத் தடவிப் பார்த்தான். வழுவழுப்பாகத்தான் இருந்தது. தழும்பைத் தேய்த்துவிட அரத்தை எடுத்தான்.

பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளை கிட்ட வந்தாள். அவளுடைய கணவனை ஏழு வருடங்களுக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோயிருந்தார்கள்; அவர் திரும்பி வரவில்லை.

“தேய்க்காதீங்க தம்பி. இது அவர்ர கை. வெள்ளாமை வெட்டக்குள்ள கத்தி பட்ட இடம் அது.”

அவள் அழவில்லை.

“மற்றக் கையும் வருமா?”

“இது வலக்கை அச்சு அக்கா.”

“ஊத்திப் பாருங்க.”

அவன் அதே அச்சை மறுபடியும் சேர்த்துக் கட்டி ரெசின் ஊற்றினான். பின்னேரம் திறந்தபோது அச்சுக்குள் இடக்கை கிடந்தது. அதன் விரலொன்றில் மோதிரம் அழுத்திய தடம் இருந்தது.

சீதேவிப்பிள்ளை வார்த்தெடுத்த இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“கால் அச்சு எப்ப செய்வீங்க?” என்று கேட்டாள்.

நல்லரத்தினம் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தான்.

“புதன்கிழமை அக்கா” என்றான்.