பக்கத்து நாற்காலி

நரம்பு ஆய்வகத்தில் பச்சை விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். கூடவே மணியும் அடித்தால் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். கைநடுக்கம் வந்த தையல்காரருக்கு அடக்குவதுதான் கைகூடவில்லை. மணியடித்ததும், பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் மனைவி எட்டி அவர் கையைப் பிடித்துவிடுவாள்.

"பிடிக்காதீங்கம்மா, சோதனையே கெட்டுடும்" என்று சொல்லிச் சொல்லி ஆய்வாளப் பெண்ணுக்கு அலுத்துவிட்டது.

போன மாதம் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்று தனியாக வந்தவருக்கு மணியடித்தபோது ஒரு தடவைகூடக் கை தவறவில்லை.

"எப்படிங்கய்யா இது?"

"நானா நிறுத்துறேன்? நீ எவ்வளவு சொன்னாலும் அவ கேக்கமாட்டேங்கிறாளே."

அவர் போனதும் ஆய்வாளப் பெண் காலி நாற்காலியை ஓரமாக நகர்த்தப் போனாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. மணி எதுவும் அடிக்கவில்லை. மணிக்கட்டு மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.