முழுப் பெயர்

“எங்க ஊர் நிலைமை கென்யாப் பொண்ணு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

லுசாகாவில் நடந்த ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டு அரங்கில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் தொலைத்தொடர்புக் கமிஷனர். அவர் முன்னால் இருந்த பலகையில் நாட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. தேர்தலைக் காரணம் காட்டி எட்டு நாளாக இணையத்தை நிறுத்தி வைத்திருக்கும் நாடு.

மைக் முன்னால் உட்கார்ந்திருந்த செரோடிச் அசரவில்லை. “எனக்குத் தெரியாது சார். ஜெனாவுக்குத் தெரியும். இந்த அறிக்கையில பாதி அவ எழுதினது.”

ஐந்து மாத வேலை அது. நைரோபியில் செரோடிச், லுசாகாவில் கபாசோ, மேற்குக் கோடியில் ஜெனா. மூன்று மூலைகளில் உட்கார்ந்துகொண்டு, வரிக்கு வரி சண்டை போட்டு எழுதி, பத்தொன்பது நாட்டு இளைஞர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எந்த அரசும் இஷ்டத்துக்கு இணையத்தை நிறுத்தக் கூடாது என்பதுதான் சாரம். இன்று ஜெனா திரையில் தோன்றிப் பேச வேண்டும். திரை கறுப்பாகவே இருந்தது.

“சரி, எங்க அந்தப் பொண்ணு?”

“உங்க ஊர்லதான் சார் இருக்கா. இணையம் இருந்தா வந்திருப்பா” என்றான் கபாசோ.

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. கமிஷனரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“சாதாரண போன் வேலை செய்யுதுல்ல? கூப்பிடுங்க.”

செரோடிச் கூப்பிட்டாள். நாலாவது முயற்சியில்தான் கிடைத்தது. ஸ்பீக்கரைப் போட்டு, போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள்.

“ஜெனா, அரங்கம் முழுக்க உன் குரல் கேக்குது. உங்க நாட்டுக் கமிஷனர் கேள்வி கேக்கறாராம்.”

மறுமுனையில் சற்று நேரம் வெறும் இரைச்சல். பிறகு, “கேக்கச் சொல்லு” என்றாள் ஜெனா.

“பொய்ச் செய்தி பரவிக் கலவரம் வந்தா யார் பொறுப்பு? நீயா?” கமிஷனரின் குரல் கறாராக இருந்தது.

“முந்தாநாள் இங்க சந்தை எரியுதுன்னு ஒரு வதந்தி. இணையம் இல்லாமலே ஊர் பூரா பரவிடுச்சு சார். ஆளாளுக்குக் கத்தியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இணையம் இருந்திருந்தா ஒரு படம் எடுத்துப் போட்டு அடக்கியிருப்பேன். இல்லாததால நானும் என் சிநேகிதியும் தெருத்தெருவா ஓடி, ‘சந்தை நல்லாத்தான் இருக்கு, வெங்காயம்கூட வித்துட்டிருக்காங்க’ன்னு தொண்டை கிழியக் கத்தினோம். குரலைக் கேளுங்க, இன்னும் சரியாகல.”

தலைமை தாங்கிய அம்மாள் கடிகாரத்தைத் தட்டினார். “இளைஞர்களுக்கு ஒதுக்கின மூணு நிமிஷம் முடிஞ்சுது.”

“என் கேள்வி முடியலையே மேடம்” என்றார் கமிஷனர். “நாட்டுப் பிரதிநிதி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரக் கணக்கு கிடையாது. விதி அப்படி.”

“அவளை அழ வைக்காம இந்த ஆளு விடமாட்டாரு போல” என்று கபாசோ பல்லைக் கடித்தான்.

“அப்ப என்னதான் செய்யணும்ங்கறே? தெளிவாச் சொல்லு” என்றார் கமிஷனர், போனைப் பார்த்து.

“நிறுத்தறதா இருந்தா நீதிபதி கையெழுத்து வேணும். ஏன்னு காரணம் சொல்லணும். என்னிக்குத் திரும்ப வரும்னு தேதி போட்டிருக்கணும்.”

“எந்தப் பக்கத்துல இருக்கு இது?”

“மூணாம் பக்கம் சார்.”

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. சத்தமாப் படி. முழுசா.”

தாளைப் புரட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஜெனா மூன்றாம் பக்கம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னாள். கரகரத்த குரல் நடுவில் இரண்டு தடவை உடைந்தது, நிற்கவில்லை. சொல்லி முடித்ததும் பின்வரிசையில் யாரோ கைதட்ட, அரங்கம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. கபாசோ மேசையை ஓங்கி ஓங்கிக் குத்தினான். செரோடிச் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். அந்தச் சத்தம் ஜெனாவுக்கும் கேட்கட்டும் என்று.

கைதட்டல் ஓய்ந்தபோது இணைப்பு அறுந்திருந்தது.

“இந்தப் பதில்கள் மாநாட்டுப் பதிவில் சேரும்” என்றார் தலைவி. “அந்தப் பொண்ணோட முழுப் பேர் என்ன?”

செரோடிச்சும் கபாசோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மாதமாக அவள் வெறும் ஜெனாதான்.

“ஜெனான்னு போட்டாப் போதாதா மேடம்?” என்றான் கபாசோ.

“போதாதுப்பா. முழுப் பேர் இல்லேன்னா ‘பெயர் தெரியாத ஒருவர்’னுதான் பதிவாகும்.”

செரோடிச் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். இணைப்பு கிடைக்கவில்லை. கமிஷனர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். பதிவே கூடாது என்று சொல்லப்போகிறார் என நினைத்துச் செரோடிச் பதறி எழுந்தாள்.

“எழுதிக்குங்க. ஜெனாபு தலாந்தா” என்றார் அவர். “ஜெனாபு. கடைசி எழுத்து ‘பு’. ‘பா’ன்னு எழுதினா அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.”

தலைவி நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

கமிஷனர் தன் முன்னால் இருந்த நாட்டுப் பலகையை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

“தகப்பன் பேர்னு ஒரு இடம் இருக்குமே மேடம்... அதுல என் பேரை எழுதுங்க.”