பட்டியலில் முதல் புத்தகம்

“கரும்பு வெட்டற கையால இந்தப் புத்தகத்தைத் தொடுவியா? போய் பேப்பர் மேசையில உக்காரு, போ!”

நூலகர் செல்லமுத்து போட்ட அதட்டலில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே நின்ற பொன்னுரங்கம் நகரவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்.

“கையை சோப்பு போட்டுக் கழுவிக்கினுதான் வந்தேங்க சார். இது நாலாவது வாரம். வேலைக்குப் போவாம வந்துக்கினு இருக்கேன்.”

அவர் கேட்ட புத்தகம் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அலமாரிக்கு மேலே பளபளவென்று ஒரு பேனர்: ‘சமூகநீதியும் சமத்துவமும்: அனைவரும் படிக்க வேண்டிய பத்து நூல்கள்.’ பட்டியலில் முதல் புத்தகமே அதுதான்.

“அது பார்வைக்கு வச்சது. அடுத்த வாரம் அதிகாரி வர்றார். அழுக்கானா யாரு பதில் சொல்றது? முதல்ல, உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“எழுத்துக் கூட்டுவேங்க.”

“எழுத்துக் கூட்டறவனுக்கு எதுக்குய்யா இதெல்லாம்?”

உதவியாளராகச் சேர்ந்து இரண்டே மாதமான மலர்விழிக்குக் காதெல்லாம் சூடாகிப்போனது. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இன்று முடியவில்லை.

“சார், பண்ணைக்காரர் பையன் பிரவீன்குமார் இதே அலமாரியிலேர்ந்து ரெண்டு புத்தகத்தை பைக்குல வச்சிக்கினு போனாரே! கையெழுத்துகூட போடல. அவரை இன்னான்னு கேட்டீங்களா?”

“அவரு யாரு வூட்டுப் பிள்ளைன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். அதனாலதான் கேக்கறேன். ‘அனைவரும்’னு பேனர்ல எழுதச் சொன்னது நீங்கதானே? அந்த ‘அனைவரும்’ல இவரு வரமாட்டாரா?”

செல்லமுத்துவின் முகம் கறுத்தது. “ரொம்ப ஜாஸ்தியா பேசற. மேல எழுதி அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க சார்.”

மேசை டிராயரில் இருந்த சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். புத்தகத்தை இரண்டு கையாலும் பொன்னுரங்கத்திடம் நீட்டினாள்.

“உக்காந்து நிதானமா படிங்கய்யா. யாரும் எழுப்ப மாட்டாங்க.”

ஜன்னலோரம் உட்கார்ந்த பொன்னுரங்கம், எழுத்துப் பக்கம் எதையும் பார்க்கவில்லை. விரலால் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டே போய், நடுவில் ஒரு பக்கத்தில் நின்றார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குனிந்தார்.

“பாத்தியா!” செல்லமுத்து துள்ளி எழுந்தார். “அரசாங்கப் புத்தகத்துல கிறுக்கறான் பாரு! இவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆவும்னு சொன்னேனா இல்லையா?”

மலர்விழிக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஓடிப்போய் புத்தகத்தைப் பிடுங்கினாள்.

“இன்னாய்யா இது? உங்களுக்காகத்தானே நான் சண்டை போட்டேன்!”

“தப்பா போட்டுட்டாங்கம்மா.” பொன்னுரங்கத்தின் குரலில் கோபம் கொதித்தது. “புத்தகக் கண்காட்சியில இந்தப் படத்தைப் பாத்துட்டு வந்து எங்க அக்கா சொல்லுச்சி. அதான் திருத்தறேன்.”

மலர்விழி குனிந்து பார்த்தாள். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. தலையில் கரும்புக் கட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

‘பெயர் தெரியாத கூலிப் பெண்’ என்று அடியில் அச்சாகியிருந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, கோணல்மாணலாக எழுதியிருந்தார்: ‘பேரு காசியம்மாள். இடுப்புல இருக்கறது நான்.’