தௌலத்துக்கு ஒரு பக்கம்

“டாக்டர் தௌலத்துக்குப் பக்கம் கெடையாதும்மா” என்று இணையக் கலைக்களஞ்சியத்தின் கெய்ரோ தொகுப்பாளர் ஷவ்கி போனில் மறுபடியும் கையை விரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நைல் வண்டலை ஆயுசு பூரா ஆராய்ஞ்சவங்க, உஸ்தாத்! ஃபுட்பால்ல ஒரே ஒரு கோல் போட்டவனுக்கெல்லாம் பக்கம் இருக்கே?”

“அவனைப் பத்திப் பேப்பர்ல எழுதறாங்க. இவங்களைப் பத்தி ஒரு வரி வந்திருக்கா? ஆதாரம் வேணும்மா.”

மறுவாரம் அவரே அழைத்தார். “டாக்டர் தௌலத் இறந்துட்டாங்கன்னு பேப்பர்ல அரைப்பக்கம் போட்டிருக்கான். நானும் உடனே பக்கம் போட்டுட்டேன். அல்லாஹ் அவங்களுக்கு அருள் செய்யட்டும்.”

“யோவ், பேப்பர்காரன் ஆளை மாத்திப் போட்டுட்டான்! அந்த டாக்டர் தௌலத்தே நான்தான்யா!”

மறுமுனையில் ஷவ்கி கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

“நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எந்தப் பேப்பர்லயாவது வந்திருக்காம்மா?”