வெற்றிலை வாங்கிய ஊர்

“இன்னொருக்கா மேளத்தை அடிங்கடா!” என்று கத்தினார் மணியகாரர்.

அடித்தார்கள். யாரும் வரவில்லை. படித்துறைப் பந்தலில் ஊர்த்தலைவர் மணியகாரர், அவருடைய தலையாரி, மாலைக்காக நின்ற பரிசல்காரர் வெள்ளியங்கிரி, அவர் மனைவி குஞ்சம்மாள், இவ்வளவு பேர்தான். விரித்த ஜமுக்காளத்தில் ஒரு நாய் சௌகரியமாகப் படுத்திருந்தது.

வெள்ளியங்கிரிக்கு உடம்பு கூசியது. இந்தத் துறையில் காவேரி யாரை இழுத்தாலும் முதலில் குதிப்பவர் அவர்தான். அவர் கை பிடித்துக் கரையேறிய ஆள் இல்லாத வீடு ஊரில் அபூர்வம். அந்த ஊர் ஒருநாள் கூடி நின்று தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது.

“வெத்தலை பாக்கு வெச்சுத்தானே கூப்பிட்டே?” என்று மனைவியின் காதைக் கடித்தார்.

“ஊடு ஊடாப் போயி வெச்சனுங்க. அத்தனை பேரும் வாங்கிக்கிட்டாங்க. வெத்தலையை வாங்கிப்போட்டு வராம இருந்த கதை நம்மூர்ல உண்டுங்களா? மாலை ஆரு போடறாங்கன்னு கேட்டாங்க. மணியகாரருன்னேன். செரின்னாங்க.”

“நன்றி கெட்ட பசங்க!” மணியகாரர் உறுமினார். “மேட்டூர்ல அணை எந்திரிச்சுட்டா அப்பறம் ஆத்துல வெள்ளமேது, இவனுக்கு வேலையேது? அதுக்குள்ள ஒரு மரியாதை பண்ணலாமுன்னு பார்த்தா… வராதவன் வயலுக்குத் தண்ணி உடறனா பாரு!”

“நாயாவது வந்துச்சுங்களே சாமி,” என்றான் தலையாரி. மணியகாரர் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

போன ஆடியில் ஆற்று நடுவே பரிசல் கவிழ்ந்ததிலிருந்து மணியகாரர் அக்கரைக்குப் போவதை விட்டுவிட்டார். படித்துறைப் பக்கம் வந்ததே இன்றுதான். அதுவும் தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளியங்கிரிக்குக் காரணம் பிடிபட்டது போலிருந்தது. ஐப்பசி வெள்ளத்தில் செல்லாயியின் மகன் அர்த்தநாரி சுழலில் போனான். அவன் ஒருவனைத்தான் அவரால் எடுக்க முடியவில்லை. ஊர் அதை மறக்குமா?

“எனக்கு மாலை வேண்டாமுங்க,” என்று படியேறி ஊரைப் பார்த்து நடந்தார்.

“டேய், நில்லுடா! மாலை வாடுதுடா!”

“ஏனுங்க, புது வேட்டியைக் கட்டிக்கிட்டு எங்கீங்க போறீங்க?” என்று குஞ்சம்மாளும் கத்தினாள். அவர் திரும்பவில்லை.

செல்லாயி தன் வீட்டு வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, உம் மகனை என்னால எடுக்க முடியல. அதுக்குத்தானே ஊரே வராம இருந்துக்கிச்சு? திட்டோணும்னா மூஞ்சிக்கு நேரா திட்டிப்போடு. இப்படி நாயைக் காவலுக்கு வெச்சு அவமானம் பண்ணாதீங்க.”

செல்லாயி முறத்தைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

“அவன் போனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? பொழுதுக்கும் முங்கி முங்கித் தேடி, உங்க காதுல ரத்தம் வடிஞ்சதை நான் பாக்கலியா? அதுக்கு உங்க மேல கோபப்பட்டா எனக்குச் சோறு செரிக்குமா?”

“அப்பறம் எதுக்குத்தான் வரல? ஊரு மொத்தமும் சேந்து கோவிச்சுக்கற அளவுக்கு நான் என்ன தப்பைப் பண்ணினேன்? அதையாச்சும் சொல்லித் தொலை!”

செல்லாயி தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“போன ஆடியில, அந்த மணியகாரரை எதுக்குங்க கரையேத்துனீங்க?”