ரோமாபுரிக் கோழிக்கள்ளன்

“ரிமோட்டை இஞ்ச தாரும் சிவகௌரி. எத்தினை நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் கொஞ்சம் சிரிச்சனான்.”

“சிரிச்சது காணும்,” என்று டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றாள் மனைவி.

யோகராஜாவுக்கு உடம்பெல்லாம் நோ. பேக்கரியில் மா மூட்டை தூக்கிவிட்டு வந்து, லண்டன் இல்ஃபோர்ட் ஃபிளாட்டில் அப்போதுதான் காலை நீட்டியிருந்தான். நாளைக்கு அவளுடைய தம்பி நிசாந்தனின் அகதி வழக்கு. தோற்றால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள். வக்கீலே உறுதி சொல்லவில்லை. அந்த நினைப்பில் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

டி.வி.யைத் தட்டியபோது பழைய இங்கிலீஷ் பகிடிப் படம் ஒன்று போனது. ரோமாபுரி ராசாக்கள், துறவிகள் என்று சனத்தை அழ வைக்கிற பெரிய பக்திப் படங்களை நக்கலடித்து எடுத்தது. சிங்கத்துக்குப் பல் இல்லை. ராசாவின் தேர் குதிரையை விட்டுவிட்டுத் தனியே உருண்டது. அதுவரை சிவகௌரியும் வெங்காயம் உரித்தபடி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகுதான் கதாநாயகன் வந்தான். ஒரு கோழிக்கள்ளன். வீரர்கள் துரத்த, கொடியில் காய்ந்த துறவியின் வெள்ளை அங்கியை உருவிப் போட்டுக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தான். காவற்காரன் மறித்தான். கள்ளன் சாந்தமாகக் கையைத் தூக்கி, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டான்.

யோகராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பியவள் படத்தை நிற்பாட்டினாள்.

அவன் கேட்டுப் பார்த்தான், கத்திப் பார்த்தான். அவள் அசையவில்லை. தெய்வ காரியத்தை இப்படியும் பழிப்பார்களா, எடுத்தவன் புழுத்துத்தான் செத்திருப்பான், அதைப் பார்த்துச் சிரிக்கிறவரும் ஒரு மனுசனா என்று திட்டித் தீர்த்தாள்.

“நாங்கள் என்ன வேதக்காரரே? கீழ்வீட்டு மரினா தவறாமல் சேர்ச்சுக்குப் போறவ. அவவே இதுக்குச் சிரிப்பா. உமக்கேன் பொத்துக்கொண்டு வருது?”

“நாளைக்கு என்ர தம்பிக்குத் தீர்ப்பு. நீங்கள் கிடந்து பல்லைக் காட்டுறியள்.”

அது அவனுக்குச் சுட்டது. லீவு போட்டு வக்கீல் வக்கீலாக ஏறி இறங்கியவன் அவன்தானே.

“உம்மட தம்பிக்காக நான் நாயாய் அலைஞ்சது காணாதே? ஒரு மணித்தியாலம் அதை மறந்திருக்கவும் விடமாட்டீரே?”

அவள் சாமியறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

யோகராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினான்.

உள்ளே, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், பழைய சாமான் விற்கிற சாரிட்டிக் கடையில் வாங்கி வந்து வருசக்கணக்காய் அவள் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிடும் யேசுநாதர் படம். வேலை அலுப்பில் அவன் ஒருநாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தான். அதே முகமும் வெள்ளை அங்கியும் தூக்கிய கையுமாக, நெற்றியில் சந்தனப் பொட்டோடு நின்றான் கோழிக்கள்ளன்.

“போன முறை தம்பியை ஏத்தி அனுப்பாமல் காப்பாத்தித் தந்தது இவர்தானப்பா,” என்றாள் சிவகௌரி. “நாளைக்கு நான் ஆரை மன்றாடுறது?”