ஒற்றைப் பயணி

"வெள்ளிக்கெழமையோட அந்த ரூட்ட நிப்பாட்டிரு, சன்னாசி. நாலு பேர ஏத்திக்கிட்டு காம்பார்லேருந்து ஜெலாப்பாங் வரைக்கும் டீசல் ஊத்த என்னால முடியாது லா."

வேன் முதலாளி சீனி கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் டிரைவர் சன்னாசிக்குக் கஷ்டமாக இருந்தது. கோபம் என்றால் மறுநாள் ஆறிவிடும்.

"இன்னும் ஒரு மாசம் பாப்போமே, தவுக்கே."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. டயர் கடையில வெல ஏத்திட்டான். மெக்கானிக் கூலிய ஏத்திட்டான். கேட்டா எல்லாரும் டீசலக் காட்டுறான். நான் யாரக் காட்டுறது?"

சன்னாசி தலையாட்டிவிட்டு வந்தான். நாலு பேர் என்பதே பொய் என்று அவன் சொல்லவில்லை.

காம்பார் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து வீடுகளிலிருந்து, ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் வேன் நிறைய ஆள் போனது. டீசல் ஏற, வேன் கட்டணமும் ஏறியது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக இருந்த நாலு பேரில் இரண்டு பேர் ஜெலாப்பாங்கிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள். தினேஸ்வரி என்ற பெண் தன் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டாள். மிஞ்சியது புஷ்பலதா மட்டும்தான். போன மூன்று பேருடைய கட்டணத்தையும் சன்னாசி தன் சம்பளத்திலிருந்து எடுத்துச் சத்தமில்லாமல் முதலாளியிடம் கட்டிவந்தான்.

காலை ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர பஸ் கிடையாது, பாவம், அந்தப் பெண் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான். உண்மைக் காரணம் வேறு என்பது அவனுக்கும் தெரியும். தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவளோ கணவனை இழந்தவள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் அந்த ஒரு பயணத்துக்காகத்தான் அவனுக்குத் தினமும் பொழுது விடிந்தது.

ஊரே அவனை 'அண்ணே' என்று கூப்பிடும். அவள் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பாள், அவ்வளவுதான். மரியாதை இல்லையோ என்று ஆரம்பத்தில் அவன் நினைத்ததுண்டு.

சாயந்தரப் பயணம் போன மாதமே போய்விட்டது. "இனிமே எனக்காக நிக்காதீங்க. ஓவர் டைம் இருக்கு. பஸ்ல வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சன்னாசி, முதலாளியின் கடைச் சரக்கை ஈப்போவில் இறக்கிவிட்டு, காலி வேனோடு வீடு திரும்பினான். பக்கத்து இருக்கையை மட்டும் கண் அடிக்கடி தேடும்.

வெள்ளிக்கிழமை காலை, பாதி வழியில் கோப்பேங் ஊரைத் தாண்டிய பிறகுதான் சன்னாசிக்கு வாய் வந்தது.

"இன்னியோட இந்த வேன் நிக்குது."

புஷ்பலதா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"டீசலா?"

"டீசல்தான்."

"மீன் வேன்காரன் தோட்டத்துப் பக்கம் வாரதயே நிப்பாட்டிட்டான். ரொட்டி சானாய் வெல ஏறிருச்சு. ஸ்கூல் பஸ் காசு ஏறிருச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா புள்ளைய நடந்து அனுப்புறாங்க. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்." இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப இதுவுமா?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கிறாள் என்று சன்னாசி நினைத்தான்.

"நீங்க ஜெலாப்பாங்ல ரூம் பாத்துக்கலாமே. அங்க நம்ம ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க."

"வேணாம்."

"அப்ப வேலைக்கு எப்படிப் போவீங்க?"

"அது பாத்துக்கலாம்." பிறகு மெதுவாக, "கொஞ்சம் மெல்ல ஓட்டுங்களேன்" என்றாள்.

"நேரமாயிருமே."

"ஆகட்டும்."

அவன் மெல்ல ஓட்டினான். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயின. எவ்வளவு மெல்ல ஓட்டினாலும் ஜெலாப்பாங் வந்துவிட்டது. மனசில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வேலையே தொங்கலில் இருக்கும் பெண்ணிடம் இப்போது போய் இதையா பேசுவது என்று மூடிக்கொண்டான்.

அவள் இறங்கி, கதவை அறைந்து சாத்தாமல் மெதுவாகத் தள்ளி மூடினாள். "வாரேன்" என்றாள், தினமும் சொல்வது போலவே.

வேனைத் திருப்பிக்கொண்டு போனவன் ஒரு டீக்கடையில் தே தாரே வாங்கினான். குடிக்க முடியவில்லை. அப்படியே வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பினான். வாசல் காவலர் ராமையாவுக்கு எல்லாரையும் தெரியும்.

"ராமையாண்ணே, ஒரு ஒதவி. திங்கக்கெழமையிலேருந்து என் வேன் வராது. காம்பார்லேருந்து காருல வாரவங்க யாராச்சும் இருந்தா புஷ்பலதாவுக்கு ஒரு எடம் கேட்டுப் பாருங்க. வேல போயிறக் கூடாது. காசு வேணும்னாலும் நான் தாரேன்."

"எந்தப் புஷ்பலதா? பேக்கிங்ல இருந்தாங்களே, அவங்களா?"

"அவங்கதான். இப்பத்தான் எறக்கி விட்டேன்."

ராமையா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியாதா? அவங்க போன மாசமே இங்க வேலைய விட்டுட்டாங்க. காம்பார்லயே ரசாக் பாய் கடையில மத்தியான வேல கெடச்சிருச்சு. ஆனா தெனமும் காலையில ஒன் வேன்லதான் வந்து எறங்குறாங்க. வேன் முக்கு திரும்புற வரைக்கும் இங்கயே நின்னு பாத்துட்டு, ரோட்டத் தாண்டிப் போயி காம்பார் பஸ் ஏறிருவாங்க."